எந்தச் சரக்குக்கு எந்தக் கப்பல்?

1870களில் இங்கிலாந்து நீதிமன்றங்களுக்கு ஒரு சர்க்கரை வழக்கு வந்தது. கப்பலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாதாரணச் சரக்கை ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்க அது போதுமானது. வழக்கமாகக் கசியும் தண்ணீரை இறைக்க அதன் பம்புகளும் போதும். ஆனால் அதை வாடகைக்கு எடுத்தவர் ஏற்றியது ஈரச் சர்க்கரை. மூட்டைகளிலிருந்து பாகு வடிந்து கப்பலின் அடியில் தேங்கியது. பம்புகளால் அதை வெளியேற்ற முடியவில்லை. சர்க்கரையை மறுபடி இறக்க வேண்டியதாயிற்று. வாடகைக்கு எடுத்தவர் அதைத் திரும்ப ஏற்றவும் மறுத்தார், வேறு சரக்கு தரவும் மறுத்தார். கப்பல் உரிமையாளர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். ஸ்டான்டன் – ரிச்சர்ட்சன் என்று பெயர்பெற்ற அந்த வழக்கு, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை வரை போனது. உரிமையாளர் தோற்றார். ஒப்பந்தத்தில் ஏற்றலாம் என்று ஒத்துக்கொண்ட சரக்குகளில் ஈரச் சர்க்கரையும் ஒன்று. அதைச் சுமக்கும் வசதி கப்பலில் இருந்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

நல்ல கப்பலா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை, எதற்கு நல்ல கப்பல் என்று கேட்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. கப்பல் சரக்குத் துறையின் எல்லாச் சண்டைகளும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவைதான். எதை ஏற்றப்போகிறோம் என்பது வாடகைக்கு எடுப்பவருக்குத் தெரியும். எதில் ஏற்றப்போகிறோம் என்பது உரிமையாளருக்குத் தெரியும். இருவரும் தங்களுக்குத் தெரிந்ததை உண்மையாகச் சொன்னால்தான் சரக்கும் கப்பலும் பொருந்தும். சட்டம் இதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று பார்ப்போம்.

சட்டக்காரர்கள் இரண்டு தகுதிகளைப் பிரித்துப் பேசுவார்கள். கப்பல் கடலைத் தாங்குமா என்பது கடல் தகுதி. ஏற்றும் பொருளைக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்பது சரக்குத் தகுதி. இரண்டாவது முதலாவதன் ஒரு பகுதி என்றே ஆங்கிலச் சட்டம் கொள்கிறது. 1884இல் டாட்டர்சால் வழக்கில் ஏற்றியது கால்நடைகள். முந்தைய பயணத்தில் அதே கப்பலில் கோமாரி நோய் கண்ட மாடுகள் வந்திருந்தன. தொழுவத்தைச் சரியாகக் கழுவி மருந்தடிக்காமல் புதிய மாடுகளை ஏற்றிவிட்டார்கள். மாடு ஒன்றுக்கு 5 பவுண்டுக்கு மேல் பொறுப்பில்லை என்று சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் எழுதியிருந்தது. கப்பலே அந்தச் சரக்குக்குத் தகுதியற்றதாக இருக்கும்போது அந்த வரி உரிமையாளரைக் காப்பாற்றாது என்றது நீதிமன்றம். 1895இல் மாவோரி கிங் வழக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சி ஏற்றிய கப்பலின் குளிரூட்டும் இயந்திரம் பழுதானது. அது ஏற்றும் நேரத்திலேயே வேலைக்கு ஏற்றதாக இருந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

1915இன் எலுமிச்சை வழக்கு இவற்றைவிட நுட்பமானது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல் அது. தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டு எதிர்த்தாரே, அதே கம்பெனி. பிளேக் நோய் இருந்த மொம்பாசாவிலிருந்து வந்த அந்தக் கப்பல் நேப்பிள்ஸில் எலுமிச்சம்பழம் ஏற்றியது. வழியில் மார்செய் துறைமுகத்தில் எலிகளைக் கொல்லக் கந்தகப் புகை போட்டார்கள். பழம் கெட்டது. கப்பலில் ஓட்டையோ உடைசலோ கிடையாது. ஆனால் பிளேக் துறைமுகத்திலிருந்து வந்த கப்பலுக்கு மார்செய்யில் புகை போடாமல் விடமாட்டார்கள் என்பது பழம் ஏற்றும்போதே நிச்சயம். அந்த வரலாற்றைச் சுமந்து வந்த கப்பல் எலுமிச்சைக்குத் தகுதியில்லை என்று உரிமையாளரைப் பொறுப்பாக்கினார்கள். கப்பல் முன்பு எங்கே போயிற்று, எதைச் சுமந்தது என்பதும் இன்றைய தகுதியில் சேரும் என்பதே இந்தத் தீர்ப்பின் கருத்து.

ஒரு கோடு மட்டும் இன்றும் மங்கலாகவே இருக்கிறது. கப்பல் தகுதியானது, அடுக்கியதுதான் தவறு என்றால்? 1924இல் எல்டர் டெம்ப்ஸ்டர் வழக்கில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பீப்பாய்களில் பனையெண்ணெய் ஏற்றினார்கள். அதன் மேல் பனங்கொட்டை மூட்டைகள் குவிந்தன. இடையில் தளம் இல்லாத ஆழமான சரக்கறை (ஹோல்டு) அது. பாரம் தாங்காமல் பீப்பாய்கள் நசுங்கின. இது தவறான அடுக்கல், கப்பலின் தகுதியின்மை அல்ல என்றது பிரபுக்கள் சபை. அடுக்கலுக்கு விலக்கு கொடுத்த ஷரத்து உரிமையாளரைக் காப்பாற்றியது. இடைத்தளம் இல்லாத கப்பலை அந்தச் சரக்குக் கலவைக்கு அனுப்பியதே தகுதிக் குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. ஈரச் சர்க்கரை வழக்கின் தர்க்கத்தை நேர்மையாகத் தொடர்ந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும்.

பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் கப்பலைத் தகுதியாக வைக்கும் கடமை முழுமையானது. முயன்றேன், தெரியவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதி விலக்கிக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கப்பல் கம்பெனிகள் அப்படி எழுதி எழுதி, பில் ஆஃப் லேடிங்கில் விலக்குகளைத் தவிர வேறொன்றும் மிஞ்சாத நிலைக்குக் கொண்டுவந்தன. சரக்கு அனுப்பும் நாடாக இருந்த அமெரிக்கா 1893இல் ஹார்ட்டர் சட்டத்தால் அதற்குக் கடிவாளம் போட்டது. 1924இல் பிரஸ்ஸல்ஸில் உருவான ஹேக் விதிகள் அந்தச் சமரசத்தை உலகுக்குப் பொதுவாக்கின. கடமை முழுமையானது என்பது போய், தக்க கவனம் எடுக்க வேண்டும் என்றானது. ஆனால் அதிலிருந்து எழுதி விலகிக்கொள்ள முடியாது. இந்தியா 1925இலேயே இதைச் சட்டமாக்கியது. நூறு ஆண்டு கழித்து 2025இல் அந்தச் சட்டத்தைப் புதுப்பித்தபோதும் அடித்தளம் மாறவில்லை.

ஹேக் விதிகளின் மூன்றாம் ஷரத்து கடமையை மூன்று கூறாகச் சொல்கிறது: கப்பலைக் கடல் தகுதியாக்குவது, சரியான ஆட்களும் கருவிகளும் தருவது, ஹோல்டுகளையும் குளிர் அறைகளையும் சரக்கை வாங்கவும் சுமக்கவும் காக்கவும் ஏற்றதாக வைப்பது. காலம் மட்டும் குறுகியது. பயணம் தொடங்கும் முன்பும் தொடங்கும்போதும், அவ்வளவே. கப்பல் கிளம்பியபின் கேப்டனோ மாலுமிகளோ கப்பலை நடத்துவதில் தவறினால், அதே விதிகளின் நான்காம் ஷரத்து உரிமையாளருக்கு விலக்குத் தருகிறது. வானொலித் தொடர்பே அரிதாயிருந்த காலத்தின் ஏற்பாடு அது. இன்று கப்பலின் ஒவ்வொரு நாழிகையும் கரையில் இருக்கும் அலுவலகத்துக்குத் தெரியும். கடமையைப் பயணம் முழுவதற்கும் நீட்டிய ராட்டர்டாம் விதிகள் 2008இல் ஏற்கப்பட்டும், போதிய நாடுகள் சேராமல் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இதை நான் ஒரு பெரிய குறையாகவே காண்கிறேன்.

தக்க கவனம் என்றதும் கடமை இளகிவிட்டது என்று நினைத்தவர்களுக்குப் பதில் வந்தது. மன்கஸ்டர் காஸில் என்ற கப்பல் சிட்னியிலிருந்து லண்டனுக்கு டப்பாவில் அடைத்த மாட்டு நாக்குகளைக் கொண்டுபோனது. அதற்கு முன் கிளாஸ்கோவில் பெயர்பெற்ற பட்டறை ஒன்றில் பழுது பார்த்திருந்தார்கள். சர்வேயர் பார்ப்பதற்காகக் கழற்றிய வால்வு மூடிகளைத் திரும்பப் பொருத்திய ஃபிட்டர் நட்டுகளைச் சரியாக முடுக்கவில்லை. கடலின் ஆட்டத்தில் நட்டுகள் தளர்ந்து ஹோல்டுக்குள் தண்ணீர் புகுந்தது. உரிமையாளர் என்ன தவறு செய்தார்? நல்ல பட்டறையைத் தேர்ந்தெடுத்தார், சர்வேயரை வைத்தார். கண்ணுக்குத் தெரியும்படி எந்தக் குறையும் இல்லை. இருந்தும் பொறுப்பு அவருடையதே என்றது பிரபுக்கள் சபை. வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், கடமையை ஒப்படைக்க முடியாது. கடுமையான தீர்ப்புதான். ஆனால் சரக்குக்காரர் கிளாஸ்கோ பட்டறையைத் தேர்ந்தெடுக்கவில்லை, அங்கே யாரையும் கேள்வி கேட்கவும் அவருக்கு வழியில்லை. நியாயம் அவர் பக்கம்தான்.

அதன்பின் தகுதி என்பது இரும்பைத் தாண்டிக் காகிதத்துக்குள்ளும் நுழைந்தது. 2011 மே மாதம் சீனாவின் ஷியாமென் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிய சிஎம்ஏ சிஜிஎம் லிப்ரா தரைதட்டியது. கால்வாய்க்கு வெளியே வரைபடத்தில் காட்டியதைவிட ஆழம் குறைவு என்ற எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது; பயணத் திட்டத்தில் அது ஏறவில்லை. குறையுள்ள பயணத் திட்டத்தோடு கிளம்பிய கப்பல் தகுதியற்ற கப்பல் என்று 2021இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2018இல் கொலம்பியக் காப்பி வழக்கில் இன்னொன்றையும் தெளிவாக்கியது. காற்றோட்டமில்லாத கன்டெய்னருக்குள் கிராஃப்ட் பேப்பர் விரித்துக் காப்பிக்கொட்டை மூட்டைகளை அடுக்கி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். வெப்பப் பகுதியிலிருந்து குளிர்ப் பகுதிக்குப் போகும் வழியில் உள்ளே வியர்த்து, மூட்டைகள் நனைந்தன. கவனமில்லை என்று சரக்குக்காரர் நிரூபிக்க வேண்டுமா, கவனமாக இருந்தேன் என்று கப்பல்காரர் நிரூபிக்க வேண்டுமா? கப்பல்காரர்தான் என்றது தீர்ப்பு. எத்தனை அடுக்குப் பேப்பர், என்ன தடிமன் என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்.

இதுவரை சொன்ன பாதுகாப்பு பெரும்பாலும் பில் ஆஃப் லேடிங்கைக் கையில் வைத்திருப்பவருக்கு உரியது. கப்பலையே வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் பார்ட்டி ஒப்பந்தத்துக்கு ஹேக் விதிகள் தாமாகப் பொருந்துவதில்லை. இருவரும் சம பலமுள்ள வியாபாரிகள், பேசிக்கொள்ளட்டும் என்பது சட்டத்தின் நிலை. விளைவைப் பாருங்கள். தானியம், உரம், நிலக்கரி போன்றவற்றுக்கு உலகெங்கும் புழங்கும் ஜென்கான் படிவத்தின் 1994 பதிப்பில் இரண்டாம் ஷரத்துப்படி, உரிமையாளரோ அவருடைய மேலாளரோ தனிப்பட்ட முறையில் கவனக்குறைவாக இருந்தால்தான் அவருக்குப் பொறுப்பு. கிளாஸ்கோ ஃபிட்டரின் தவறு அந்த வரியோடு கரைந்துபோகும். ஒரே கப்பல், ஒரே தளர்ந்த நட்டு. பில் ஆஃப் லேடிங் வைத்திருப்பவர் ஜெயிப்பார், வாடகைக்கு எடுத்தவர் தோற்பார். ஒரு பயணத்துக்கு ஒரு கப்பலை எடுக்கும் சிறு ஏற்றுமதியாளர் அச்சடித்த படிவத்தில் கையெழுத்திடும்போது ஹேக் விதிகளை உள்ளே கொண்டுவரும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லத் தவறக்கூடாது.

குறித்த காலத்துக்குக் கப்பலை எடுக்கும் காலவாடகை ஒப்பந்தங்களில் கதை வேறு. 1946ஆம் ஆண்டின் நியூயார்க் புரொடியூஸ் படிவம், கப்பலை ஒப்படைக்கும்போது ஹோல்டுகள் பெருக்கிச் சுத்தமாகவும், கப்பல் எல்லா வகையிலும் வேலைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. எல்லா வகையிலும் என்ற சொல்லின் வீச்சைக் கல்கத்தாவில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. 1957இல் மேட்லின் என்ற கப்பலை வாடகைக்கு எடுத்தது சிலோன் ஷிப்பிங் லைன்ஸ். ஒப்படைக்கக் குறித்த நாளில் எலி ஒழிப்புச் சான்றிதழ் செல்லுபடியாகவில்லை. கல்கத்தாத் துறைமுகச் சுகாதார அதிகாரிகள் மருந்துப் புகை போடச் சொல்லிவிட்டார்கள். கெடு தாண்டியதும் சிலோன் கம்பெனி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஒரு காகிதம் இல்லாததற்காக ஒரு கப்பலையே மறுக்கலாமா? அந்தக் காகிதம் இல்லாமல் கப்பல் கிளம்பவே முடியாது என்னும்போது மறுக்கலாம் என்றது நீதிமன்றம்.

ஆனால் ஒப்படைத்த பிறகு தகுதிக் குறைவு தெரிந்தால் உடனே விலகிவிட முடியாது. ஹாங்காங் ஃபிர் வழக்கு இங்கேதான் வருகிறது. 1931இல் கட்டிய கிழ இயந்திரம், அதைக் கவனிக்கத் திறமையில்லாத ஆட்கள். 24 மாத வாடகையில் 1957இல் லிவர்பூலில் ஒப்படைத்த கப்பல் ஒசாகா போய்ச் சேர்ந்து பழுது முடிவதற்குள் பல மாதங்கள் வீணாயின. அதற்குள் வாடகை விலை சரிந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த ஜப்பானியக் கம்பெனி ஒப்பந்தத்தை முறித்தது. கப்பல் தகுதியற்றதுதான், ஆனால் ஒப்பந்தத்தின் பயன் முழுதாகக் கெட்டுவிடவில்லை, முறித்தது தவறு என்றது 1961இன் தீர்ப்பு. தகுதி என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு ஆணி கழன்றதும் அடங்கும், கப்பல் மூழ்கும் ஓட்டையும் அடங்கும். விளைவைப் பார்த்துத்தான் பரிகாரம் என்று டிப்லாக் நீதிபதி வகுத்த வழி ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளின் ஒப்பந்தச் சட்டத்தையே மாற்றியது.

சில மணி நேரச் சுத்தம் எவ்வளவு பெரிய பண விவகாரம் என்பதற்கு ட்ரெஸ் ஃப்ளோரெஸ் வழக்கு போதும். மக்காச்சோளம் ஏற்ற வந்த கப்பல், தயார் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. பிறகு சோதித்தபோது ஹோல்டில் பூச்சி. மருந்துப் புகை போடச் சில மணி நேரமே ஆனது. அந்தச் சில மணி நேரத்துக்காக முன்பு காத்திருந்த நாட்களும் ஏற்றும் காலக் கணக்கிலிருந்து போயின; தயாராக இல்லாத கப்பல் கொடுத்த நோட்டீஸ் நோட்டீஸே அல்ல என்று 1973இல் நீதிபதி டென்னிங் பிரபு சொன்னார். இதனால்தான் தானியம் ஏற்றப்போகும் கப்பலில் மாலுமிகள் இரவு பகலாக ஹோல்டு கழுவுகிறார்கள். போன முறை நிலக்கரி, இந்த முறை கோதுமை என்றால் துருச் செதிலைச் சுரண்டி, அடித்தளப் பள்ளமான பில்ஜைத் துடைத்து, நன்னீரால் அலசி, சர்வேயரின் விரலில் கரி ஒட்டாதவரை வேலை ஓயாது. காலவாடகையில் இரண்டு பயணங்களுக்கு நடுவே செய்யும் இந்தச் சுத்தம் வாடகைக்கு எடுத்தவரின் கணக்கு. ஒரு மொத்தத் தொகைக்கு மாலுமிகள் செய்வார்கள், சர்வேயர் ஏற்காவிட்டால் உரிமையாளருக்குப் பொறுப்பில்லை என்றே ஷரத்து எழுதுவது வழக்கம்.

ஏற்றுவது, அடுக்குவது, சமன்படுத்துவது எல்லாம் வாடகைக்கு எடுத்தவரின் செலவிலும் கேப்டனின் மேற்பார்வையிலும் என்கிறது நியூயார்க் படிவத்தின் எட்டாம் ஷரத்து. மேற்பார்வை என்பதால் பொறுப்பு கேப்டனுக்கு மாறாது என்று 1940இல் கோர்ட் லைன் வழக்கில் முடிவானது. பொறுப்பும் கேப்டனுடையது என்று ஒரு சொல் சேர்த்தால் கணக்கு மாறும். இந்தச் சில்லறைச் சண்டைகளுக்கு நீதிமன்றம் கட்டுப்படியாகாமல், உரிமையாளர்களின் காப்பீட்டுச் சங்கங்கள் 1970இல் தங்களுக்குள் இன்டர் கிளப் உடன்பாடு செய்துகொண்டன. கப்பல் தகுதிக் குறைவால் வந்த சரக்கு நஷ்டம் முழுவதும் உரிமையாளருக்கு. ஏற்றி அடுக்கியதில் வந்தது முழுவதும் வாடகைக்கு எடுத்தவருக்கு, அந்தப் பொறுப்புச் சொல் சேர்ந்திருந்தால் பாதிப் பாதி. நேர்த்தியான தத்துவம் ஒன்றுமில்லை இதில். ஆனால் நடக்கிற ஏற்பாடு.

இனி மறுபக்கம். வாடகைக்கு எடுத்தவரும் சரக்கு அனுப்புபவரும் என்ன கடன்பட்டவர்கள்? சரக்கின் ஆபத்தை உரிமையாளருக்குச் சொல்லாமல் ஏற்றக்கூடாது என்பது 1856இல் கல்கத்தாவுக்குப் போன பிளீச்சிங் பவுடர் வழக்கிலிருந்தே பேசப்படுகிறது. எனக்குத் தெரியாதே என்று அனுப்பியவர் சொன்னால்? 1998இல் யானிஸ் என்கே வழக்கு அந்தக் கதவை மூடியது. செனகலின் டக்கார் துறைமுகத்தில் ஏற்றிய கடலைப் புண்ணாக்கில் கப்ரா வண்டு இருந்தது. நம் துணைக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டதாகக் கருதப்படும், தானியக் கிடங்குகளின் பெரும்பகை அந்த வண்டு. மற்ற ஹோல்டுகளில் இருந்த கோதுமைக்கு அது நேரே பரவவில்லை. இருந்தும் வண்டு தெரிந்தபின் சரக்கை இறக்கத் துறைமுகங்கள் விடவில்லை. கடைசியில் கோதுமையையும் சேர்த்துக் கடலில் கொட்டவேண்டி வந்தது. அனுப்பியவருக்கு வண்டு இருப்பது தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆனாலும் அவரே பொறுப்பு என்றது பிரபுக்கள் சபை. உரிமையாளருக்கு மன்கஸ்டர் காஸில் என்றால் அனுப்புபவருக்கு யானிஸ் என்கே. தராசின் இரண்டு தட்டும் அன்றுதான் ஓரளவு சமமாயின.

இருவர் மேலும் தவறு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபியோனா என்ற டேங்கர் உதாரணம். ஏற்றிய எரியெண்ணெய் எதிர்பாராத வாயுவைக் கக்கியது. தொட்டியிலும் குழாய்களிலும் முந்தைய சரக்கின் மிச்சமும் இருந்தது. வெடித்தது. ஆபத்தான சரக்கு என்று அனுப்பியவரிடம் ஈடு கேட்ட உரிமையாளர், தன் தொட்டியைச் சுத்தமாக வைக்காததால் வெறுங்கையோடு திரும்பினார். தன் பங்கைச் செய்யாதவர் மற்றவர் பங்கைக் கேட்க முடியாது.

இவை பணத்தோடு முடிந்த வழக்குகள். உயிர்ப்பலியில் முடிந்தவை வேறு.

இரும்புத் தாதுத் தூள், நிக்கல் தாது போன்றவை பார்க்க உலர்ந்த மண்போல் இருக்கும். உள்ளே ஈரம் ஒரு அளவைத் தாண்டினால், கடலின் ஆட்டத்திலும் இயந்திர அதிர்விலும் மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் அழுத்தம் பெற்று, குவியல் முழுவதும் சேறாகி ஒரு பக்கம் சாயும். கப்பல் நிமிராது, சில நிமிடங்களில் கவிழ்ந்துவிடும். 2009 மழைக்காலத்தில் ஜூலையில் மங்களூர் கடலில் ஏஷியன் ஃபாரஸ்ட், செப்டம்பரில் பாரதீப் அருகே பிளாக் ரோஸ் என்று இந்திய இரும்புத் தாதுத் தூள் ஏற்றிய இரண்டு கப்பல்கள் மூழ்கின. 2010 கடைசியில் சில வாரங்களுக்குள் இந்தோனேசிய நிக்கல் தாதுவோடு ஜியான் ஃபூ ஸ்டார், நாஸ்கோ டைமண்ட், ஹாங் வெய் என்ற மூன்று கப்பல்கள் போயின. 44 மாலுமிகள் இறந்தார்கள். சட்டப்படி இங்கே அனுப்புபவரின் கடமை துல்லியமானது. 2011 ஜனவரி 1 முதல் கட்டாயமான சர்வதேச மொத்தச் சரக்கு விதித்தொகுப்பின்படி, எவ்வளவு ஈரம் வரை ஏற்றலாம், இந்தக் குவியலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்ற இரண்டு எண்ணையும் அவர் எழுத்தில் தர வேண்டும். ஈரச் சோதனைக்கும் ஏற்றுவதற்கும் நடுவே 7 நாளுக்கு மேல் போகக்கூடாது.

எண் பொய்யானால்? பல்க் ஜூபிடர் என்ற கப்பல் மலேசியாவின் குவாந்தானில் பெருமழையில் 46,400 டன் பாக்சைட் ஏற்றியது. ஈரம் பத்து சதவீதம் என்று காகிதத்தில் இருந்தது. சராசரியாக 21 சதவீதத்துக்கு மேல் இருந்ததாகப் பஹாமாஸ் அதிகாரிகளின் விசாரணை பிறகு கண்டது. அன்றைய விதித்தொகுப்பில் பாக்சைட் சேறாகாத சரக்கு வகையில் இருந்தது. கப்பலில் குறை கிடையாது, கேப்டன் கையில் இருந்த காகிதத்திலும் குறை தெரியவில்லை. 2015 ஜனவரி 2 அன்று வியட்நாம் கடலில் அது கவிழ்ந்தது. 19 பேரில் பிழைத்தவர் சமையற்காரர் ஒருவர் மட்டுமே.

கேப்டனுக்குக் கடைசியாக இருக்கும் ஆயுதம் ஒரு டப்பா. சரக்கைப் பாதியளவு நிரப்பி, சுமார் ஒரு சாண் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் இருபத்தைந்து தடவை தட்டி, மேலே தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பார். கசிந்தால் ஏற்றக்கூடாது. கசியாவிட்டால் பத்திரம் என்று அர்த்தமில்லை, ஆய்வகச் சோதனை வேண்டும். ஏற்றமாட்டேன் என்று அவர் சொன்ன நொடியிலிருந்து தாமதம் யார் கணக்கு என்ற சண்டை தொடங்கும், ஏஜென்ட் போன் செய்வார், மாற்று கேப்டன் வரலாம். மறுக்கும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. மறுத்தவரைக் காப்பாற்றும் ஏற்பாடு பெரும்பாலான ஒப்பந்தங்களில் இல்லை. சரக்குத் தகுதி பற்றிய ஒன்றரை நூற்றாண்டுச் சட்டத்தில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

இரு தரப்புக் கடமையும் ஒருங்கே தெரிந்த அண்மை உதாரணம் ஒன்று. 2021 மே 20 அன்று கொழும்புக் கடலில் தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பெர்ல் புத்தம் புதிய கப்பல். ஒரு கன்டெய்னரில் நைட்ரிக் அமிலம் கசிந்தது. கத்தாரின் ஹமாத்திலும் நம் ஹசீராவிலும் அதை இறக்க இடம் கிடைக்கவில்லை. கப்பல் எரிந்து, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. பிளாஸ்டிக் குருணைகள் இலங்கைக் கரையெங்கும் ஒதுங்கின. அமிலத்தை ஒழுங்காகப் பொதிவது அனுப்பியவரின் கடமை; கசிவு தெரிந்தபின் நடந்ததற்குக் கப்பல் தரப்பே பதில் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி டாலர் கொடுக்க உத்தரவிட்டது.

மங்களூரிலோ பாரதீப்பிலோ தாது ஏற்றி அனுப்பும் நிறுவனங்களுக்கும், அவற்றுக்குச் சான்றிதழ் எழுதும் ஆய்வகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதிரி எடுத்த பிறகு குவியல்மேல் மழை பெய்தால் அந்தச் சான்றிதழ் அன்றோடு செத்துவிட்டது. மறுபடியும் மாதிரி எடுங்கள், மறுபடியும் சோதியுங்கள். அந்த எண்ணை நம்பித்தான் கேப்டன் நங்கூரம் எடுக்கிறார்.